சாய்ஸில் விட்ட பாடம்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று சாயங்காலம் நீ போனை வைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் பேசிய விதமும் நன்றாக இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். திரும்பக் கூப்பிட்டால் மறுபடியும் கத்துவேன் என்று எனக்கே தெரியும், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத்தில் என் சத்தம் உனக்குக் கேட்காது. நீயும் நடுவில் "சரிம்மா, சரிம்மா, வச்சிடறேன்" என்று வெட்டிக்கொண்டு போக முடியாது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நாளைக் காலை பள்ளிக்கூடம் போகிற வழியில் அரியலூரில் கூரியரில் போட்டுவிட்டால் புதன்கிழமை உன் விடுதிக்கு வந்துவிடும். வெள்ளிக்கிழமை ஐந்து மணியோடு பாடம் தேர்ந்தெடுக்கும் பக்கம் மூடிவிடும், அப்புறம் யார் கெஞ்சினாலும் திறக்காது என்று நீதான் சொன்னாய். ஆக உன் கையில் இரண்டு நாள் இருக்கிறது. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ராத்திரி உங்க அப்பாவைக் கூப்பிட்டு நீ வேறு மாதிரி சொல்லியிருக்கிறாய். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடித்து ஜெயங்கொண்டத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். உடையார்பாளையம் தாண்டும்போது போனில் நீ அனுப்பிய பாடப் பட்டியலின் படம் வந்தது. இயற்பியல் மாணவர்கள் இந்தப் பருவத்தில் கணிதத் துறையிலிருந்து இரண்டு பாடம் எடுத்தே ஆக வேண்டும், எட்டில் எந்த இரண்டு என்பது உங்கள் இஷ்டம். அந்த எட்டில் லீனியர் அல்ஜீப்ரா இருந்தது. பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் இருந்தது. காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ், ரியல் அனாலிசிஸ், குரூப் தியரி எல்லாம் இருந்தன. நீ டிக் அடித்திருந்தது கணிதத்தின் வரலாறு, வணிகப் புள்ளியியல். கூடவே உன் குரல் வேறு. நான் பாட்டுக்கு அழுத்திவிட்டேன், பஸ் முழுக்கக் கேட்டது: "ம்மா, இது ரெண்டுலயும் அள்ளி அள்ளிப் போடுறாங்களாம். சீனியருங்க எல்லாரும் இதத்தான் எடுக்கச் சொல்றாங்க. சூப்பர்ல?" பக்கத்தில் இருந்த அம்மா என் தோளைத் தட்டி, "என்னங்க டீச்சர், தம்பிக்கு வேல கெடச்சிருச்சா?" என்று கேட்டார். 

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே உன்னைக் கூப்பிட்டேன். "என்னடா இது, பிசிக்ஸ் படிக்கிற பயலுக்கு வணிகப் புள்ளியியல் எதுக்குடா, கடை வைக்கப் போறியா?" என்றேன். "சி.ஜி.பி.ஏ.வுக்கும்மா" என்றாய். லீனியர் அல்ஜீப்ராவை ஏன் விட்டாய் என்று கேட்டதற்கு, "அது ரொம்பக் கஷ்டம்மா. மேக்ஸ் பசங்களோட உக்காரணும். போன வருசம் நெறைய பேருக்கு ஊத்திக்கிச்சாம்" என்றாய். "அப்ப குவாண்டம் ரெண்டாவது பேப்பர் வருதே, அதுல என்னா பண்ணுவ?" "அத எப்படியாவது பாத்துக்கலாம்மா." "எப்படிடா பாத்துக்குவ? மொத பேப்பருலயே சி வாங்கிட்டு வந்து நிக்கிற." அதற்கு மேல் நான் என்னென்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. ஆனால் நீ கடைசியாகச் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. "நீதானம்மா சொல்லிக் குடுத்த. கஷ்டமான பாடத்த சாய்ஸ்ல விட்டுட்டு, வர்றத வச்சு மார்க்க எடுன்னு. இப்ப வந்து கத்துற." சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

உங்க அப்பா அப்போதுதான் பேக்டரியில் ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டிருக்கிறார். "ஏ, பயல எதுக்கு வையிற? அவன் சொன்னதுல என்னா தப்பு?" என்றார். அவருக்கு நேற்று ஆறின டீதான் கிடைத்தது. அதையும் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார், அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

எரிச்சல் உன் மேல் மட்டும் என்றால் நான் இத்தனை பக்கம் எழுத மாட்டேன். இரண்டு திட்டு திட்டிவிட்டு விட்டிருப்பேன். நீ சொன்னது உண்மை என்பதுதான் என்னை உட்கார விடவில்லை. சாய்ஸில் விடுவதை இந்த ஜில்லாவில் என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி ஒவ்வொன்றுக்கும் நடுவில் 'அல்லது' என்று போட்டு இன்னொரு கேள்வி கொடுப்பார்கள். எந்தப் பாடத்தோடு எந்தப் பாடம் ஜோடியாக வரும் என்று பழைய வினாத்தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு பார்த்தால் பிடிபட்டுவிடும். பிடிபட்டால் இரண்டில் ஒரு பாடத்தின் பெரிய கணக்குகளைத் திறக்கவே வேண்டாம். பின்பக்கத்து ஒரு மார்க் கேள்விகளை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும். அதை நான் இருபத்துநான்கு வருஷமாகச் செய்கிறேன். செண்டம் டீச்சர் என்று எனக்குப் பெயர். பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் வந்து என் தாள்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போவார்கள், நானும் பெருமையாகக் கொடுத்து அனுப்புவேன்.

உன்னைப் பெரம்பலூரில் விடுதியோடு சேர்ந்த பள்ளிக்கூடத்தில் போட்டதும் நான்தான். உங்க அப்பா வேண்டாம் என்றார். "நீயே கணக்கு டீச்சரு, உன் ஸ்கூல்லயே படிக்கட்டுமே" என்றார். நான் கேட்கவில்லை. அங்கே பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த மூன்றாவது மாதமே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் தொடங்கிவிடுவார்கள் என்று எனக்கு முன்னாலேயே தெரியும். பதினொன்றாம் வகுப்பு மார்க்கைத்தான் யாரும் கேட்பதில்லையே, பாஸ் பண்ணினால் போதும் என்று அந்தப் பள்ளிக்கூடம் அந்தப் புத்தகத்தையே ஒரு வருஷம் மூட்டை கட்டி வைத்தது. லிமிட், கன்டினியுடி, வெக்டர், மேட்ரிக்ஸ் என்று ஒரு கணக்குக்காரனுக்கு அஸ்திவாரமாக இருக்க வேண்டியதெல்லாம் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது. கவர்மெண்ட் டீச்சராக இருந்துகொண்டு அதைத் தப்பு என்று மேடையில் பேசியிருக்கிறேன். என் பிள்ளைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டேன்.

மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க விடுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? மற்ற அம்மாக்கள் தூக்குச்சட்டியில் கோழிக்குழம்பு கொண்டு வருவார்கள். நானும் கொண்டு வருவேன், கூடவே ஒரு சிவப்புப் பென்சிலும் கொண்டு வருவேன். சைக்கிள் ஷெட்டில் உட்கார்ந்து நீ சாப்பிடச் சாப்பிட நான் உன் புத்தகத்தைப் புரட்டி, இது வேண்டாம், இந்தத் தேற்றம் வேண்டாம், இந்தப் பயிற்சியில் கடைசி நாலு வேண்டாம் என்று பெருக்கல் குறி போட்டுக்கொண்டே வருவேன். நீ குழம்பு ஒட்டின கையோடு ஒரு தடவை, "இது நல்லாருக்கும்மா, இத நானே போட்டுப் பாத்தேன்" என்றாய். "நல்லாருந்தா என்னா, வரப்போறதில்ல" என்று சொல்லி அதன் மேலும் குறி போட்டேன். எந்தக் கணக்கு என்று எனக்கு இப்போது ஞாபகம் இல்லை. உன் முகம் ஞாபகம் இருக்கிறது.

நூற்றுக்கு நூறு வாங்கினாய். சிறுவாச்சூர் கோயிலில் அடுத்த திங்கட்கிழமையே போய் நின்றோம். ஊறவைத்த அரிசியை அங்கேயே உரலில் இடித்து மாவிளக்கு போட்டேன். கை கொப்பளித்துப் போனது, அப்படி ஒரு சந்தோஷம். அந்தப் போட்டோவை இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை. நான் விளக்குப் போட்டது நீ கற்றதற்கா, கற்காமல் தப்பித்ததற்கா என்று சாமிக்குத்தான் தெரியும்.

இதையெல்லாம் நான் ஏன் செய்தேன் என்று நீ கேட்கலாம். நானும் அப்படித்தான் படித்தேன். அரியலூரில் பி.எஸ்சி. கணக்கு, அப்புறம் தபாலில் எம்.எஸ்சி. ரியல் அனாலிசிஸ் பேப்பரில் கைடு புத்தகத்தில் நட்சத்திரக் குறி போட்ட பன்னிரண்டு தேற்றங்களைத் தேவாரம் ஒப்பிப்பதுபோல ஒப்பித்துப் பாஸ் பண்ணினேன். எப்சிலான் என்று எழுதுவேன், டெல்டா என்று எழுதுவேன், அவை எதற்கு அங்கே நிற்கின்றன என்று எனக்குத் தெரியாது. வேலை கிடைத்தது. வகுப்பில் எப்போதாவது ஒரு பிள்ளை எழுந்து 'ஏன்' என்று கேட்டால் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். அதற்குத்தான் ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். அதெல்லாம் பரீட்சைக்கு வராது. பதில் தெரியாத கேள்விக்கு நான் சொன்ன பதில் அதுதான், தம்பி. பிள்ளைகளின் நன்மைக்காகச் சொன்னேன் என்று இத்தனை நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதற்கு நீ நிச்சயம் கோபப்படுவாய். போன மாதம் நீ குவாண்டம் பேப்பரில் சி என்று சொன்னதும், அந்தப் பாடம் எடுத்த பேராசிரியைக்கு நான் போன் செய்தேன். பெற்றோருக்கு அனுப்பிய தாளில் அவர் நம்பர் இருந்தது. வளர்ந்த பிள்ளைக்காக அம்மா போன் செய்வது எவ்வளவு அசிங்கம் என்று எனக்குத் தெரியும், நானே அப்படிப் போன் செய்கிற அம்மாக்களைக் கிண்டல் செய்திருக்கிறேன். அவர் நாகர்கோவில் பக்கத்துக்காரராம், பொறுமையாகப் பேசினார். "உங்க பையன் புத்திசாலிதான்மா. ஆனா தெரியாத கேள்விய தொடவே மாட்டேங்கிறான். பாதி தெரிஞ்சாலும் எழுதறதில்ல. பேப்பர்ல பாதி வெள்ளையா கிடக்குது. தெரிஞ்சத மட்டும் முத்து முத்தா எழுதி வச்சிட்டு மணி அடிக்கிறதுக்கு முன்னாடி எழுந்து போயிடுறான். இப்படி ஒரு பையன நான் பாத்ததில்ல" என்றார். நான் பார்த்திருக்கிறேன். நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். எல்லாம் என் கையில் தயாரான பிள்ளைகள்.  உன்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை, அதனால்தான் நேற்று அத்தனை சத்தம் போட்டேன்.

சரி, என் பாவக்கணக்கு போதும். இப்போது உன்னைக் கேட்கிறேன். நீ எதற்காக இயற்பியல் எடுத்தாய்? ரெட்டிபாளையத்தில் குடியிருந்தபோது சிமெண்ட் பேக்டரியின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் மத்தியானம் வெடி வைப்பார்கள். சங்கு ஊதினதும் நீ எங்கே இருந்தாலும் ஓடிவந்து அடுப்படியில் தரையில் காதை வைத்துப் படுத்துக்கொள்வாய். நாலாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படித்தாய். "ம்மா, டம்ளருங்க மொதல்ல ஆடுது, டமார்னு அப்புறந்தான் கேக்குது. ஒரே வெடிதான, ஏன் ரெண்டு தடவ வருது?" என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. உங்க அப்பாதான் பேக்டரியில் யாரையோ கேட்டு வந்து, தரைக்குள்ளே வேகமாக வரும், காற்றில் மெதுவாக வரும் என்று சொன்னார். அன்றிலிருந்து ஒரு மாதம் உங்க அப்பாவின் கைக்கடிகாரம் உன்னிடம்தான் இருந்தது. டம்ளர் ஆடுவதற்கும் சத்தத்துக்கும் எத்தனை நொடி என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தாய். யாரும் மார்க் போடவில்லை. அது எந்தப் பரீட்சைக்கும் வரவில்லை. தரைக்குள்ளே போவது என்ன என்று கண்டுபிடிக்கப் போகிறேன் என்று சொன்னவன் நீ. இன்றைக்கும் தியரி பக்கம் போக வேண்டும், ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்றுதான் சொல்கிறாய். அப்படிச் சொல்கிற பையன் வணிகப் புள்ளியியலில் போய் உட்கார்ந்தால் பெற்றவளுக்கு வயிறு எரியுமா எரியாதா?

டம்ளரை ஆட்டியது பகுதி வகைக்கெழுச் சமன்பாடு தம்பி. நீ டிக் அடிக்காமல் விட்ட வரிசையில் இரண்டாவதாக இருக்கிறது. அலையை எழுதுவது, வெப்பத்தை எழுதுவது, உன் குவாண்டம் பாடத்தில் முதல் நாளே கரும்பலகையில் வருவது எல்லாம் அந்த ஜாதிதான். லீனியர் அல்ஜீப்ரா இல்லாமல் குவாண்டம் படிப்பது எழுத்துக் கூட்டத் தெரியாமல் கடிதம் வாசிப்பது மாதிரி என்று அந்தப் பேராசிரியையே சொன்னார். நம் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைத்தாளில் முப்பதாவது கேள்விக்கும் நாற்பதாவது கேள்விக்கும் பக்கத்தில் கட்டாய வினா என்று போட்டிருப்பார்கள், அதற்குச் சாய்ஸ் கிடையாது. உன் விஷயத்தில் இந்த இரண்டும் கட்டாய வினா. உன் பல்கலைக்கழகம் அப்படி அச்சடிக்கவில்லை, அவ்வளவுதான். உன் துறையிலேயே கணித முறைகள் என்று ஒரு பாடம் நடத்தினார்களே, அது போதும் என்று நினைக்காதே. ஆறு பாடத்தை ஒரு பாடமாக அடைத்து, எல்லாவற்றிலும் வாய்பாட்டை மட்டும் கொடுத்து அனுப்புகிறார்கள். அதுவும் என் ஜெராக்ஸ் தாள் மாதிரிதான்.

அதற்காக என் மேல் உள்ள கோபத்தில் வீம்புக்குப் போய் ரியல் அனாலிசிஸ், குரூப் தியரி என்று இருப்பதிலேயே பயங்கரமானதாகப் பார்த்து எடுத்துத் தொலைக்காதே. உன்னை எனக்குத் தெரியும், அதையும் செய்வாய். குரூப் தியரி பின்னால் வேண்டியிருக்கும், லீனியர் அல்ஜீப்ரா முடிக்காமல் அதில் கை வைக்க வேண்டாம். காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ் அடுத்த பருவத்தில் எடுக்கலாம். ரியல் அனாலிசிஸ் உனக்குத் தேவையா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. உனக்கு ஆசையாக இருந்தால் ஒரு பருவம் எடு, இல்லையென்றால் விடு. ஆனால் பயந்துபோய் விட்டேன் என்று மட்டும் என்னிடம் வந்து சொல்லாதே. எதை எடுப்பதற்கு முன்னாலும் யார் நடத்துகிறார்கள் என்று விசாரி, முடிந்தால் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு நாள் போய் உட்கார்ந்து பார். கணிதத்தின் வரலாறு கெட்ட பாடம் இல்லை. லீவில் படுத்துக்கொண்டே படிக்கலாம், எனக்கும் வாங்கி வா, நானும் படிக்கிறேன். அதை ஒரு கட்டாய வினாவின் இடத்தில் கொண்டுபோய் வைக்காதே என்றுதான் சொல்கிறேன்.

அந்தச் சீனியர்கள் பேச்சை விடு. அள்ளி அள்ளி வாங்கினவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு தடவை கேட்டுப் பார். ஊத்திக்கொண்டவர்களையும் கேள். எதில் தடுக்கி விழுந்தார்கள், எந்த வாரத்தில் கைவிட்டார்கள், யாரிடம் போய்க் கேட்காமல் இருந்தார்கள் என்று கேள். கணக்குப் பிள்ளைகளோடு உட்கார வெட்கமாக இருக்கிறது என்றால் இரு, வெட்கத்தோடு உட்கார். முதல் ஒரு மாதம் ஒன்றும் புரியாது. பதினொன்றாம் வகுப்பே படிக்காத பையனுக்கு எப்படிப் புரியும்? அந்தப் பழி என் மேல் இருக்கட்டும், ஆனால் அதை ஈடுகட்டுகிற வேலை உன்னுடையதுதான். அதை நான் செய்து கொடுக்க முடியாது.

இந்த வரியை எழுதுவதற்கு எனக்கு அரை மணி நேரம் ஆனது: ஊத்திக்கிட்டாலும் பரவாயில்லை. சி வாங்கு. டி வாங்கு. திரும்ப எழுது. உன் மார்க்கைக் கேட்டு இனி நான் போன் செய்ய மாட்டேன், உன் பேராசிரியைக்கும் செய்ய மாட்டேன். தாளில் வெள்ளையாக ஒரு பக்கம்கூட விடாமல் எழுதி சி வாங்கி வந்தால், அதே சிறுவாச்சூரில் மறுபடி அரிசி இடித்து மாவிளக்குப் போடுகிறேன். செண்டம் டீச்சருக்கு இதை எழுத எத்தனை கஷ்டம் என்று உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

கடைசியாக ஒரு விஷயம். கடிதத்தோடு ஒரு புத்தகம் வந்திருக்குமே, பார்த்தாயா? நேற்று நீ போனை வைத்த பிறகு, ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறினேன். உங்க அப்பா "விழுந்து தொலையப் போற, எறங்கு" என்று கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். உன் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் கிடைத்தது. புதுசு மாறாமல் மொறமொறவென்று இருந்தது. புரட்டிக்கொண்டே வந்தேன். மேட்ரிக்ஸ் பாடத்தில் மட்டும் பக்கங்கள் கசங்கியிருந்தன. பத்தாம் வகுப்பு முடிந்த லீவில், பெரம்பலூர் போவதற்கு முன்னால், நீயாகவே திறந்து படித்திருக்கிறாய். பெருக்கல் வரும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருக்கிறாய். "ஏன் நிரையை நிரலோடு பெருக்கணும்? கூட்டல் மாதிரி நேருக்கு நேர் பெருக்கினால் என்ன? அம்மாவிடம் கேட்கணும்." அதற்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில், "கேட்டேன். வராதாம்." அதற்கு அப்புறம் புத்தகம் முழுக்க உன் எழுத்து ஓர் இடத்தில்கூட இல்லை.

நீ கேட்டது எனக்கு ஞாபகமே இல்லை தம்பி. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்திருப்பேன், தலையைக்கூட நிமிர்த்தியிருக்க மாட்டேன். இருபத்துநான்கு வருஷமாகக் குறுக்கே ஓடும் நிரையை மேலிருந்து இறங்கும் நிரலோடு பெருக்குகிறேன், ஏன் என்று நேற்று வரை எனக்கும் தெரியாது.

இன்று காலையிலிருந்து நான் சமைக்கவில்லை. உங்க அப்பா ரசம் வைத்தார், உப்புப் போட மறந்துவிட்டார், குறை சொல்லாமல் சாப்பிட்டேன். போனில் ஒரு வெள்ளைக்காரர் நடத்திய பாடத்தை மூன்று தடவை பார்த்தேன், பாதி புரிந்தது. மீதிக்கு உன் மாமாவைக் கூப்பிட்டேன். உடையார்பாளையத்தில் அவர் இரண்டு கொட்டகையில் முந்திரி உடைக்கிறாரே, ஒரு கொட்டகையில் வறுத்து உடைப்பார்கள், இன்னொன்றில் அவித்து உடைப்பார்கள். எந்த ஊரிலிருந்து எந்தக் கொட்டகைக்கு எத்தனை மூட்டை போகிறது என்று ஒரு அட்டவணை. எந்தக் கொட்டகையில் ஒரு மூட்டைக்கு முழுப்பருப்பு எவ்வளவு, உடைசல் எவ்வளவு என்று இன்னொரு அட்டவணை. ஓர் ஊரின் மூட்டைகளிலிருந்து மொத்தம் எவ்வளவு முழுப்பருப்பு வரும் என்று கேட்டால், அந்த ஊரின் நிரையை எடுத்து முழுப்பருப்பின் நிரலோடு பெருக்கிக் கூட்டியே ஆக வேண்டும், வேறு வழியே இல்லை. அது யாரோ போட்ட சட்டம் இல்லை. ஒரு மாற்றம் நடந்து, அதன் மேல் இன்னொரு மாற்றம் நடந்தால் கணக்கு அப்படித்தான் வந்து விழும். மாமாவிடம் இதைச் சொன்னேன். "இத நாங்க தெனமும் பண்ணிட்டுதான இருக்கோம், இதுக்கா அக்கா காலையிலேருந்து போன் போட்ட?" என்றார்.

உன் பென்சில் எழுத்துக்குக் கீழே தாள் ஒட்டி, பதிலை ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறேன். கடைசி நாலு வரியில், வறுத்துவிட்டு உடைப்பதும் உடைத்துவிட்டு வறுப்பதும் ஒன்றல்ல, அதனால்தான் மேட்ரிக்ஸை இடம் மாற்றிப் பெருக்கினால் விடை மாறுகிறது, உன் குவாண்டத்தில் எதை முதலில் அளக்கிறோம் என்று பார்ப்பதும் இதனால்தானோ என்று எழுதியிருக்கிறேன். அந்த நாலு வரி சரியா என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. முன்பாக இருந்தால் வெள்ளையாக விட்டிருப்பேன். விடவில்லை. அந்தச் சிவப்புப் பென்சிலையும் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருக்கிறேன், தப்பாக இருந்தால் எடுத்துச் சுழித்து அனுப்பு.

இப்படிக்கு,
அம்மா